கார்த்தேஜ் டிக்கெட்: வாண்டல்களைத் தேடிப் போகிறவருக்கு என்ன கிடைக்கும்?

துனிஸ் நகரை ஒட்டிய கார்த்தேஜில் ஒரே டிக்கெட்டில் எல்லா இடிபாட்டு வளாகங்களையும் பார்க்கலாம். பீர்சா மேடு, அன்டோனைன் குளியலகம், ரோமானிய வீடுகள், நாடக அரங்கு, வட்டரங்கு, டோஃபெட் என்ற ஃபினீஷியக் குழந்தை அடக்கத்தலம், மாகோன் குடியிருப்பு, ஆதி கிறித்தவ அருங்காட்சியகம் என்று பட்டியல் நீளம். வெளிநாட்டவருக்கு 12 தினார் என்ற கட்டணம் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. போகுமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரோமானியக் கட்டடக்கலைக்காகவோ ஹன்னிபாலின் ஊர் என்பதற்காகவோ போகிறவருக்கு இது கொள்ளை மலிவு.

ஐரோப்பாவிலிருந்து வந்த ஜெர்மானிய இனத்தவரான வாண்டல்களுக்காகப் போகிறவர் கதை வேறு. கி.பி. 439 அக்டோபர் 19 அன்று அவர்களின் அரசன் கைசரிக் இந்த ஊரைப் பிடித்தான். 533 செப்டம்பர் 15 அன்று பைசாந்திய (கிழக்கு ரோமானிய) தளபதி பெலிசாரியஸ் உள்ளே வரும்வரை, ஏறக்குறைய 94 ஆண்டுகள், வாண்டல் அரசின் தலைநகரம் இதுதான். 455இல் ரோமைச் சூறையாடிய கப்பல்கள் புறப்பட்டதும் திரும்பியதும் இங்கேதான். ஆனால் வளாகங்களில் உள்ள அரபு, பிரெஞ்சுப் பலகைகள் ஊரை நிறுவிய ஃபினீஷியர், ரோமானியர், பைசாந்தியர் என்று தாவிவிடுகின்றன. நடுவில் ஒரு நூற்றாண்டு காணாமல் போகிறது. அந்த நூற்றாண்டை நாமே வீட்டில் படித்துக்கொண்டு போனால்தான் டிக்கெட்டுக்கு முழு மதிப்பு கிடைக்கும்.

முதலில் நடைமுறை. எந்த வளாகத்தின் கவுன்ட்டரில் வாங்கினாலும் டிக்கெட் மற்ற எல்லா இடத்திலும் செல்லும், ஆனால் அன்று ஒருநாள் மட்டும்தான். பிற்பகல் 2 மணிக்கு வாங்கினால் பாதிப் பணம் வீண். ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள், கசக்கி எறிந்துவிடக் கூடாது. சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள். தினாரைத் துனிசியாவுக்கு வெளியே வாங்க முடியாது, மீந்ததை வெளியே கொண்டுபோகவும் அனுமதியில்லை. அதனால் விமான நிலையத்திலேயே அளவாக மாற்றிக்கொள்வது நல்லது.

துனிஸ் மரீன் நிலையத்திலிருந்து டிஜிஎம் என்ற உள்ளூர் ரயில் போகிறது. கார்த்தேஜ் என்ற பெயரோடு வரிசையாகப் பல ஸ்டேஷன்கள் வரும்: சலாம்போ, பீர்சா, டெர்மெக், ஹன்னிபால், பிரெசிடென்ஸ், அமில்கார். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். பீர்சா மேட்டுக்குப் போக பீர்சா ஸ்டேஷனில் இறங்கத் தேவையில்லை, ஹன்னிபாலில் இறங்குவதே வசதி. அங்கிருந்து மேற்கே ஏறினால் மேடு, கிழக்கே இறங்கினால் கடலோரக் குளியலகம். டோஃபெட்டும் பழைய துறைமுகங்களும் சலாம்போ பக்கம். வளாகங்கள் ஊர் முழுக்க, பங்களாக்களுக்கு நடுவே சிதறிக் கிடப்பதால், எல்லாவற்றையும் நடந்தே முடிக்க நினைத்தால் ஏழெட்டு கிலோமீட்டர் ஆகிவிடும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் அது தண்டனை. நிழல் குறைவு, வளாகங்களுக்குள் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மஞ்சள் டாக்ஸி நிறைய ஓடுகிறது. ஏறியதும் மீட்டர் போடச் சொல்லுங்கள். வாசலில் நின்று "நாள் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று அழைப்பவரிடம் பேரம் பேசுவதைவிட, துண்டு துண்டாக மீட்டர் டாக்ஸியில் போவது சிக்கனம்.

காலையில் பீர்சாவில் தொடங்குங்கள். உச்சியிலுள்ள அருங்காட்சியகக் கட்டடம் புதுப்பிப்புக்காகப் பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. இந்த டிக்கெட்டின் மிகப் பெரிய குறை அதுவே. வாண்டல் காலத்தைப் பற்றி ஏதேனும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் பார்த்திருக்க வேண்டும். திறந்துவிட்டார்களா என்று கவுன்ட்டரில் கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள்.

ஆனால் மேட்டின் தெற்குச் சரிவு திறந்திருந்தால் அது ஒன்றே போதும். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ஃபினீஷியக் குடியிருப்பு அங்கே தெருவோடும் படிகளோடும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிகளோடும் நிற்கிறது. கி.மு. 146இல் ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ எமிலியானஸின் படை ஆறு நாள் தெருத்தெருவாகச் சண்டையிட்டு ஏறிய இடம் இது. வீடுகளைக் கொளுத்தி இடித்துக்கொண்டே மேலேறினார்கள். மிஞ்சிய சுமார் 50,000 பேர் அடிமைகளாகப் போனார்கள். அப்படி அழிந்த வீடுகள் நம் கண்ணுக்கு எப்படித் தப்பின? அகஸ்டஸ் காலத்தில் ரோமானியர்கள் புதிய ஊர் கட்ட வந்தபோது மேட்டின் உச்சியை வெட்டிச் சமதளமாக்கி, அந்த மண்ணையெல்லாம் சரிவில் கொட்டினார்கள். வீடுகள் மண்ணுக்கடியில் போனதால் பின்னால் வந்த கல் திருடர்கள் கை படவில்லை. சரிவில் இப்போதும் குத்தாக நிற்கும் பெரிய தூண்கள் அந்த ரோமானிய மேடையைத் தாங்கப் போட்ட அடித்தளம். அவை ஃபினீஷிய வீடுகளை நடுவில் குத்திக்கொண்டு இறங்கியிருப்பதை நின்று கவனித்தால், ஒரு நகரத்தை அழிப்பதும் அதன்மேல் இன்னொன்றைக் கட்டுவதும் எப்படி நடந்தது என்று எந்தப் பலகையும் இல்லாமலே விளங்கும்.

கைடு வைத்துக்கொள்ளலாமா என்றால், அடையாள அட்டை உள்ளவராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஒரு சின்னச் சோதனை: ரோமானியர்கள் இந்த ஊரில் உப்பைத் தூவி உழுதார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்று அடித்துச் சொன்னால் அவரை விட்டுவிடுங்கள். பழங்கால எழுத்தாளர் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. பிற்காலத்தவர் ஒட்டவைத்த கதை அது.

அதே உச்சியில்தான் வாண்டல் அரசர்களின் அரண்மனை இருந்திருக்க வேண்டும் என்பது பலரது கணிப்பு. கட்டடமாகக் காட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் அங்கே நின்று நினைத்துப் பார்க்க ஒரு காட்சி இருக்கிறது. 533 செப்டம்பர் 13 அன்று ஊருக்குப் பத்து மைலில் நடந்த சண்டையில் கடைசி அரசன் கெலிமர் தோற்றோடினான். இரண்டு நாள் கழித்துப் பெலிசாரியஸ் அரண்மனைக்குள் வந்து அவனது அரியணையில் உட்கார்ந்தார். அவனுக்காகச் சமைத்து வைத்திருந்த உணவை, அவனது பணியாட்களே பரிமாற, தன் தளபதிகளோடு சாப்பிட்டார். கூட இருந்த வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதி வைத்த செய்தி இது. படைவீரர்கள் யாரும் கடைகளில் கை வைக்கவில்லை, வீடு வீடாகச் சீட்டு கொடுத்துத் தங்க வைத்தார்கள், சாப்பாட்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றும் அவரே பெருமையாகச் சொல்கிறார். அந்தப் பெருமையின் மறுபக்கம் துறைமுகத்தில் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பீர்சாவுக்கு அடுத்து வடக்கே இறங்கி ரோமானிய வீடுகளும் ஓடியம் இருந்த மேடும். ஒரே நடையில் வரும். பறவைக்கூட வீடு என்று பெயர் பெற்ற வீட்டின் மொசைக் தரையும் கடல் காட்சியும் எல்லோருக்கும் பிடிக்கும். படம் எடுக்க நல்ல இடம். அதைத் தாண்டி மேலே ஏறுகிறவர்கள் குறைவு. ஓடியம் என்பது 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செவெரஸ் காலத்தில் கட்டிய இசையரங்கு. இப்போது பள்ளமும் அடித்தளக் குழிகளும் மட்டும்தான். வாண்டல்கள் எதையும் இடித்து அழிப்பவர்கள் என்ற குற்றச்சாட்டில் குறிப்பான பெயர்களோடு வரும் பகுதி இதுவே என்பதால், விஷயம் தெரிந்தவர் தவறவிடக் கூடாது. வீட்டா ஊர்ப் பேராயர் விக்டர், 480களில் எழுதியவர், கார்த்தேஜில் வாண்டல்கள் ஓடியத்தையும் நாடக அரங்கையும் நினைவுக் கோயிலையும் செலெஸ்டிஸ் தெருவையும் அடியோடு இடித்தார்கள் என்கிறார்.

இதை எவ்வளவு நம்பலாம்? விக்டர் கத்தோலிக்கர், வாண்டல்கள் ஏரியஸ் என்ற குருவின் போதனையைப் பின்பற்றிய, கத்தோலிக்கர் ஏற்காத கிறித்தவப் பிரிவினர். தேவாலயங்களைப் பறித்தவர்கள்மேல் அவருக்கு இருந்த கோபம் வரிக்கு வரி தெரியும். அதனால் எல்லாம் பொய் என்று தள்ளவும் முடியாது, ஊர்க்காரர்கள் படித்து மறுக்கக்கூடிய இடங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஆனால் ஓடியக் குழியைப் பார்த்து "வாண்டல் வேலை" என்று சொல்வது அவசரம். 698இல் ஹசன் இப்னு அல்-நுமான் ஊரைப் பிடித்தபின் கார்த்தேஜ் நூற்றாண்டுக் கணக்கில் கல் குவாரியாகவே இருந்தது. துனிஸின் செய்த்தூனா மசூதியிலும் கைரவான் பெரிய மசூதியிலும் நிற்கும் தூண்களில் பல இங்கிருந்து போனவை. அடித்தளத்துக் கல்வரை உருவிப் போன இடத்தில், முதலில் இடித்தவர் யார் என்று வெறுங்கண்ணால் சொல்லவே முடியாது. போதாக்குறைக்கு, வாண்டல்கள் நாடகமும் குதிரைப் பந்தயமுமாகப் பொழுது போக்கினார்கள் என்று புரோகோப்பியஸ் எழுதுகிறார். இடித்தவர்களின் பேரன்மார் எங்கேயோ உட்கார்ந்துதான் பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்திலுள்ள நாடக அரங்கில் ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் உட்காரும் படிகளில் பெரும்பகுதி நம் காலத்தில் கட்டியது. கோடையில் கார்த்தேஜ் விழா நடக்கும்போது மேடைச் சட்டங்களும் ஒலிபெருக்கிகளும் மறைத்துவிடும். அந்த மாதங்களில் போனால் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நகரலாம்.

நண்பகலுக்குப் பின் அன்டோனைன் குளியலகம். கடல் காற்று வரும், மரநிழலும் உண்டு. டிக்கெட்டின் நட்சத்திரம் இதுதான், அதற்குத் தகுதியும் இருக்கிறது. ஆனால் பத்தில் ஒன்பது பேர் தவறாகப் புரிந்துகொண்டு திரும்புகிற இடமும் இதுவே. நீங்கள் சுற்றி நடக்கும் தடித்த தூண்களும் வளைவுகளும் குளிக்கும் அறைகள் அல்ல. அவை கீழ்த்தளம்: அடுப்பு, விறகுக் கிடங்கு, ஊழியர் நடமாட்டம், கழிவுநீர் எல்லாம் ஓடிய இடம். குளிக்க வந்தவர்கள் இதற்கு மேலே, பளிங்குத் தளத்தில் இருந்தார்கள். அந்தத் தளம் முழுக்கப் போய்விட்டது. நடுவில் தனியாக எழுப்பி நிறுத்தியிருக்கும், ஏறக்குறைய 15 மீட்டர் உயரத் தூணை அண்ணாந்து பார்த்து, அது குளிர்நீர்க் கூடத்தின் கூரையைத் தாங்கியது என்று மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி அளவு பிடிபடும். இதே காரணத்தால் உள்ளே நுழைந்ததும் கீழே இறங்காமல், முதலில் மேலே உள்ள பார்வை மேடையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வாண்டல்கள் தினமும் குளிப்பார்கள், பட்டு உடுத்துவார்கள், தோட்டத்தில் விருந்து வைப்பார்கள் என்ற புரோகோப்பியஸின் வரியைக் கைடுகள் இங்கே வைத்துச் சொல்வதுண்டு. அந்த வரி உண்மையில் இருக்கிறது. ஆனால் அதை வைத்து இந்தக் குளியலகத்தில்தான் அவர்கள் குளித்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. தண்ணீர் விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. ஊரை இழந்த கெலிமர் அதே 533இல் படை திரட்டித் திரும்பி வந்து முற்றுகையிட்டபோது, கார்த்தேஜுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயை உடைத்தான். செகுவான் மலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் வளைந்து வந்த கால்வாய் அது. அதன் தண்ணீரைத் தேக்கிய லா மால்கா தொட்டிகள் பீர்சாவுக்குப் பின்புறம், வட்டரங்குப் பக்கம் இருக்கின்றன. நேரம் இருந்தால் டாக்ஸியில் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். உயரமான கால்வாய் வளைவுகள் செகுவான் போகும் சாலையில், துனிஸுக்குத் தெற்கே நிற்கின்றன. இந்த டிக்கெட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை, சும்மாவே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை: குளியலகத்தின் பக்கத்துச் சுவருக்கு அப்பால் குடியரசுத் தலைவர் மாளிகை. அந்தத் திசையில் கேமராவைத் திருப்பினால் காவலர்கள் வந்துவிடுவார்கள், படத்தை அழிக்கச் சொல்வார்கள். இடிபாட்டையே எடுத்தாலும் பின்னணியில் அது விழாமல் நில்லுங்கள்.

துறைமுகங்களைக் கடைசியாக வையுங்கள். வட்டத் துறைமுகம் இன்று அமைதியான குட்டை, சுற்றிலும் வீடுகள். பார்த்ததும் "இவ்வளவுதானா" என்று தோன்றும், அது இயல்பே. இங்கே கண்ணுக்கு வேலை குறைவு, படித்துவிட்டு வந்தவருக்குத்தான் விருந்து.

455 ஜூன் 2 அன்று கைசரிக் ரோமுக்குள் நுழைந்தான். இரண்டு நாள் முன்புதான் பேரரசர் பெட்ரோனியஸ் மாக்சிமஸ் ஊரைவிட்டு ஓடும்போது கூட்டத்தால் கொல்லப்பட்டிருந்தார். வாசலில் போப் லியோ வந்து, தீ வைக்க வேண்டாம், கொல்ல வேண்டாம், சித்திரவதை வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பதினான்கு நாள் ஆர அமரச் சூறையாடினார்கள். ஜூப்பிட்டர் கோயிலின் பொன்முலாம் பூசிய வெண்கலக் கூரையில் பாதியைக் கழற்றினார்கள். எருசலேம் கோயிலிலிருந்து கி.பி. 70இல் டைட்டஸ் எடுத்துவந்த பாத்திரங்களையும் விடவில்லை. கணவனை இழந்த பேரரசி யூடாக்சியாவையும் இரண்டு மகள்களையும் கப்பலில் ஏற்றினார்கள். சிலைகள் ஏற்றிய ஒரு கப்பல் மட்டும் வழியில் மூழ்கியது. எரித்து அழித்த கொள்ளை அல்ல, எண்ணி எடுத்த கொள்ளை. கி.மு. 146இல் பீர்சாவில் ரோமானியர் செய்ததையும் இதையும் ஒரே நாளில் எதிரெதிரே வைத்துப் பார்க்க இந்த ஒரு டிக்கெட்டால்தான் முடியும்.

பொருளைவிட மனிதர்கள் கதை கனமானது. ரோமிலிருந்து கைதிகளாக வந்தவர்களைக் கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கமாகப் பங்கு போட்டார்கள். அப்போது கார்த்தேஜின் பேராயராக இருந்த தியோகிராசியாஸ் தேவாலயத்துப் பொன், வெள்ளிப் பாத்திரங்களையெல்லாம் விற்று அவர்களை மீட்டார். தங்க இடமில்லாததால் இரண்டு பெரிய தேவாலயங்களில் வைக்கோலும் படுக்கையும் போட்டு, வைத்தியரோடு இரவிலும் சுற்றி வந்தார். இதைச் சொல்வதும் அதே விக்டர்தான்.

பெலிசாரியஸின் ஒழுங்கான படையைப் பற்றிச் சொன்னேனே, அதன் மறுபக்கம்: 533இல் மாண்ட்ராக்கியம் என்ற துறைமுகத்தின் வாயை இரும்புச் சங்கிலி போட்டு மூடியிருப்பார்கள் என்று கப்பல்களில் வந்தவர்கள் நினைத்தார்கள். பெரும் கப்பல்படை பக்கத்து ஏரியில் ஒதுங்கியது. காலோனிமஸ் என்ற தளபதி மட்டும் சில மாலுமிகளோடு திருட்டுத்தனமாக மாண்ட்ராக்கியத்துக்குள் புகுந்து, கரையோர வணிகர்களின் பணத்தையெல்லாம் அள்ளினான். பெலிசாரியஸ் சத்தியம் வாங்கியும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஊரைப் பிடித்த நேரத்தில் ஊர்க்காரரைக் கொள்ளையடித்ததாகப் பெயரோடு பதிவானவன் வாண்டல் அல்ல, "விடுவிக்க" வந்தவன்.

டோஃபெட் வாண்டல் கதைக்குத் தேவையில்லை, ஃபினீஷியக் கல்லறைக் கற்களில் ஆர்வம் இருந்தால் அரை மணி. மாகோன் குடியிருப்பும் அப்படியே. வட்டரங்கை நேரமில்லாவிட்டால் விட்டுவிடலாம். அதற்குப் பதில் டமூஸ் எல் கரீத்தா என்ற பெரிய தேவாலயத்தின் அடித்தளத்தைப் பாருங்கள். தூண்களின் தடம் காடு மாதிரி பரந்து கிடக்கிறது. ஊரின் பெரிய தேவாலயங்கள் கை மாறியதுதான் வாண்டல் ஆட்சியில் சாதாரண மக்களைத் தினமும் சுட்ட விஷயம், கோயில் கூரை அல்ல. கடலோரத்தில் இருந்த சிப்ரியன் தேவாலயத்தில் 533 செப்டம்பர் 13 அன்று மறுநாள் திருவிழாவுக்காக ஏரியஸ் வழிப் பாதிரிகள் கூட்டிப் பெருக்கி விளக்குகளைத் தயார் செய்து வைத்தார்கள். தோல்விச் செய்தி வந்ததும் ஓடிவிட்டார்கள். அந்த விளக்குகளைக் கத்தோலிக்கர்கள் வந்து ஏற்றினார்கள்.

டிக்கெட்டில் கிடைக்காதவை இரண்டு. குளியலகத்துக்கு மேலேயுள்ள போர்ஜ் ஜெதீத் மேட்டில் 19ஆம் நூற்றாண்டில் தோண்டியெடுத்த குதிரைவீரன் மொசைக், வாண்டல் என்று புத்தகங்களில் அடிக்கடி வரும் படம், லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது பார்தோ அருங்காட்சியகம். அதற்குத் தனி டிக்கெட், தனி நாள் வேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. துனிஸ் மெட்ரோ 4ஆம் தடத்தில் பார்தோ ஸ்டேஷனில் இறங்கலாம். பீர்சா அருங்காட்சியகம் மூடியிருக்கும்வரை கார்த்தேஜ் மொசைக்குகளை நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேறு வழி இல்லை.

வளாக வாசல்களில் பழைய நாணயம், மண் விளக்கு என்று உள்ளங்கையில் காட்டி விற்பவர்கள் வருவார்கள். வாண்டல் கால வெண்கலக் காசுகளில் 42, 21, 12, 4 என்று மதிப்பை ரோமன் எண்களில் அடித்திருப்பார்கள். அந்தக் குறியைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாங்கலாம் என்று நினைக்காதீர்கள், போலி செய்பவருக்கும் அது தெரியும். போலியென்றால் பணம் போனது. உண்மையென்றால் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறக்கும்போது பிரச்சினை வரும்.